கல்மண்டபத்துக் கடைவீதி

நுழையும்முன்

வெயிலும் மழையும் படாத கூரையின்கீழ் விற்போரும் வாங்குவோரும் கூடும் கடைவீதிகள் உலகின் பழைய நகரங்கள் பலவற்றுக்கு அணிசெய்கின்றன. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கண்ணாடிக் கூரைக் கடைவீதிகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவற்றுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே கட்டப்பெற்று, காலப்போக்கில் அங்காடியாக மாறிய கல்மண்டபம் ஒன்று மதுரையில் உண்டு. அம்மண்டபத்தின் கலைச்சிறப்பையும் அங்கு வளர்ந்த வணிக வாழ்வையும், இவ்விரண்டுக்கும் இடையே எழுந்த முரணையும் இப்பாடம் பேசுகிறது.

கூரையால் பெயர்பெற்ற ஊர்கள்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் ஊர்ப்பெயர்களை உற்றுநோக்கினால் ஓர் ஒற்றுமையைக் காணலாம். கடலைக் கடக்கும் முன் வரும் ஊர் மண்டபம். பாம்பனைத் தாண்டியபின் அக்காள்மடம். அதனை அடுத்துத் தங்கச்சிமடம். சேதுபதி மரபைச் சேர்ந்த உடன்பிறந்த மகளிர் இருவரின் பெயரால் இவ்விரு மடங்களும் எழுந்தன என்பது ஊர்வழக்கு. மணல்வெளியும் உப்புக்காற்றும் கடும்வெயிலும் நிறைந்த அவ்வழியில், காசியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கால்நடையாக வந்த வழிப்போக்கர்க்கு எல்லாவற்றினும் தேவையாக இருந்தது தங்குவதற்கு ஒரு நிழல். அந்நிழலைத் தந்த கட்டடங்களே ஊர்களின் பெயராகி நிலைத்தன. ஊருக்கு ஆறும் மலையும் பெயர் தருவதை நாம் அறிவோம். கூரை பெயர் தந்த ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பது அச்சாலையின் தனிச்சிறப்பு எனலாம்.

அச்சாலையின் முடிவில் இருப்பது இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் திருச்சுற்று. 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்களால் கட்டப்பெற்ற அத்திருச்சுற்றில் 1212 தூண்கள் உள்ளன. மணலும் பவளப்பாறையுமான அத்தீவில் கருங்கல் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு தூணும் கடல் கடந்து வந்ததே. கோடையின் உச்சிவேளையில் அத்திருச்சுற்றில் நடப்பவர், வெளியே உள்ள வெயில் வேறோர் ஊரின் வெயில் என்று எண்ணும்படி உள்ளே குளிர்ச்சி நிலவும்.

கல்லால் கூரை அமைத்து மக்களை அதன்கீழ்க் கூட்டுவது தமிழகக் கட்டடக்கலையின் பழைய பழக்கம். திருவிழாவும் விருந்தும் அரங்கேற்றமும் வழக்காடலும் மண்டபங்களில் நிகழ்ந்தன. இவற்றோடு வணிகமும் வந்து சேர்ந்த இடம் மதுரைப் புதுமண்டபம்.

மரங்கள் தூண்களாகிய அங்காடி

அங்காடி என்னும் சொல் நம் மொழியில் மிகப் பழையது. பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் கொடிகள் அசையும் தெருக்களோடு காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கும் கோவலன் மணிகள் விற்கும் வீதியையும் பொன் வீதியையும் ஆடை வீதியையும் கூல வீதியையும் ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறான். ஒரு பொருளுக்கு ஒரு தெரு என்னும் அவ்வொழுங்கு இன்றும் மதுரையில் அழிந்துவிடவில்லை.

இவற்றினும் நம் பாடத்துக்கு நெருக்கமானது புகாரின் நாளங்காடியாகும். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அமைந்த அச்சந்தை நெருங்கிய மரங்களையுடைய ஒரு சோலை. அம்மரங்களின் அடிகளையே கால்களாகக் கொண்டு கடைகளைக் கட்டினர் என்கிறார் இளங்கோவடிகள். மரம் தூணாகவும் இலைப்பரப்பு கூரையாகவும் அமைந்த அங்காடி அது. கல்தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபத்துள் நுழையும்போது சோலைக்குள் புகுந்த உணர்வு தோன்றுவது எதனால் என்பதற்கு இலக்கியத்திலேயே விடை இருக்கிறது.

நானூறு ஆண்டுகளாகப் 'புது'

மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே, தெருவுக்கு அப்பால் நிற்கிறது புதுமண்டபம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் இதனைக் கட்டினார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் புதுமண்டபம்தான். ஒருமுறை ஊர் வாயில் ஏறிவிட்ட பெயரை நூற்றாண்டுகளாலும் இறக்க இயலாது போலும்.

இம்மண்டபத்தின் மற்றொரு பெயர் வசந்த மண்டபம் என்பதாகும். அது கட்டப்பட்டதன் காரணத்தை அப்பெயர் சொல்கிறது. வெயில் முதிரும் வைகாசியில் இறைவனும் இறைவியும் கோயிலினின்று எழுந்தருளி இங்கு வந்து இளைப்பாறுவது வசந்த விழா. மண்டபத்தைச் சுற்றிலும் நீர் நிற்பதற்கான அகழி போன்ற வாய்க்கால் அமைத்திருந்தனர். வெப்பக்காற்று அந்நீர்ப்பரப்பைத் தழுவி உள்ளே வரும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்றுக் குளிரும். மண்பானையில் நீர் குளிர்வதும் இதே முறையில்தான். மின்விசிறியைக் காணாத காலத்தில் ஒரு முழுக் கட்டடத்தையே பானையாகக் கருதி அமைத்த தச்சர்களின் அறிவை நாம் வியக்கலாம்.

மண்டபத்தின் நீளம் 333 அடி. அகலம் 105 அடி. நான்கு வரிசைகளில் 124 தூண்கள் நிற்கின்றன. நடுவில் அகன்ற நடைவழியும் அதன் இருமருங்கும் சற்றே குறுகிய நடைவழிகளும் அமைகின்றன. மேற்குக் கோடியில் கருங்கல்லால் ஆன சிறுமண்டபம் ஒன்று மேடைமீது உள்ளது. விழாக்காலத்தில் திருமேனிகள் எழுந்தருளும் இடம் அது. மண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட இராயகோபுரம் அடிநிலையளவில் நிற்கிறது. முழுமையடைந்திருப்பின் அது தமிழகத்தின் பெருங்கோபுரங்களுள் ஒன்றாகியிருக்கும்.

தூண்களைத் தாங்குதூண்கள் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. ஒவ்வொன்றும் ஒரு கதை. முகப்பில் பாயும் குதிரைவீரர்களும் யாளிகளும் நிற்கின்றனர். உள்ளே மதுரை நாயக்க மன்னர்களின் உருவங்கள் முன்னோரிலிருந்து வரிசையாக அமைந்து, துணைவியர் சூழ நிற்கும் திருமலை நாயக்கரில் வந்து முடிகின்றன. சற்றே பருத்த உடலும் கூப்பிய கையுமாக நிற்கும் அவ்வுருவத்தைச் செதுக்கிய சிற்பி மன்னரை மெலியச் செய்து காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மீனாட்சி திருக்கல்யாணம், ஊர்த்துவ தாண்டவமும் அதற்கு எதிர்நிற்கும் காளியும், கயிலையைப் பெயர்க்கும் இராவணன் ஆகிய சிற்பங்கள் மண்டபத்தில் உள்ளன. திருவிளையாடற் புராணக் காட்சிகளும் உண்டு. கல்யானை கரும்பு தின்னும் காட்சி அவற்றுள் ஒன்று. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாயாகிப் பாலூட்டும் காட்சி மற்றொன்று. அரசரையும் தெய்வத்தையும் செதுக்கிய உளியே பன்றிக்குட்டிகளையும் அதே அன்போடு செதுக்கியிருக்கிறது.

1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்களான தாமசு டேனியலும் வில்லியம் டேனியலும் இம்மண்டபத்தை வரைந்தனர். 1858இல் இலின்னேயசு டிரைப் மதுரையின் கட்டடங்களை ஒளிப்படம் எடுத்தார். திருமலை நாயக்கரின் சத்திரம் என்று ஐரோப்பியர் இதனைக் குறித்தனர். வழிப்போக்கர் தங்குமிடத்துக்கும் திருவிழா மண்டபத்துக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் புலப்படவில்லை. எனினும் அவர்களது ஓவியங்கள் வாயிலாகவே இம்மண்டபத்தின் புகழ் கடல் கடந்தது.

தூணுக்குத் தூண் ஒரு கடை

விழா நடப்பது ஆண்டில் சில நாள்களே. எஞ்சிய நாள்களில் இத்துணைப் பெரிய நிழல் சும்மா கிடப்பதில்லை. கோயிலுக்கு வருவோர் கடந்து செல்லும் வழி, மேலே கல்கூரை, கீழே கல்தளம், தூணுக்கும் தூணுக்கும் இடையே ஒருவர் அமர்ந்து தொழில் செய்யப் போதுமான இடம். கடை தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற இடத்தை எவரும் திட்டமிட்டுக்கூடக் கட்டியிருக்க மாட்டார். கடைகள் வந்தன, பெருகின. கடந்த நூற்றாண்டில் மதுரையில் பிறந்து வளர்ந்தோருக்குப் புதுமண்டபம் என்றாலே கடைகள்தாம்.

வெளிப்பக்கத்து நடையில் தையற்கலைஞர்கள் அமர்ந்தனர். தூணின் நிழலில் தையல் இயந்திரம், அருகே துணிமூட்டை, தோளில் அளவுநாடா. துணியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் சென்று வழிபட்டுத் திரும்பும்போது தைத்த ஆடையைப் பெற்றுச் செல்வோர் பலர். ஆயினும் அவர்களது சிறப்புத் தொழில் வேறு. தேரில் தொங்கும் தொம்பைகள், கோயில் குடைகள், திரைச்சீலைகள், நாட்டிய உடைகள், பள்ளி நாடகங்களுக்கான அரச உடைகள் ஆகியவற்றைத் தைப்பதில் அவர்கள் பெயர்பெற்றவர்கள். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது அவ்வியந்திரங்கள் இரவிலும் ஓயா. கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு திரியெடுத்து ஆடுவோரும், தோப்பறை என்னும் ஆட்டுத்தோற்பையில் நீர் சுமந்து பீய்ச்சுவோரும் அணியும் சல்லடம், கச்சை, சரிகை மின்னும் தலைப்பாகை ஆகியவை இங்குதான் உருவாயின. அவற்றைத் தைத்தோருள் இசுலாமியர் பலர். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காக அவர்கள் பிறைபிறையாய் ஊசி ஓட்டினர். மதுரை மக்கள் இதனை ஒரு செய்தியாகக் கருதிப் பேசியதே இல்லை, இயல்பென்று இருந்தனர்.

உள்நடையில் பித்தளைப் பாத்திரங்களும் குத்துவிளக்குகளும் வளையல்களும் குங்குமமும் மரச்செப்புகளும் குவிந்திருந்தன. திருமணச் சீர்வரிசைக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு வரும் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் அப்பட்டியலை முடித்துச் சென்றன. புத்தகக் கடைகளும் இருந்தன. மொழிப்பாடம் பயிலும் மாணவர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டும். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்ற கதைப்பாடல்கள் பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சாகி, விழாவுக்கு வந்த சிற்றூர் மக்களின் கையில் சேர்ந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஊரே சூழ்ந்து கேட்பதற்கு ஏற்ற பெரிய எழுத்துகள் அவை. பழைய நூல்களின் முகப்பில் மதுரை, புதுமண்டபம் என்னும் முகவரியை இன்றும் நூலகங்களில் காணலாம். பஞ்சாங்கமும் பள்ளிப் பாடநூலும் தேர்வுக்கான துணைநூலும் அடுத்தடுத்து விற்பனையாயின.

தங்கச்சிமடத்துக்கும் இந்த அங்காடிக்கும் ஓர் உறவு உண்டு. கோயிலைச் சுற்றிய தெருக்களில் மணக்கும் மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அம்மல்லிச் செடிகளை நடுவதற்கான நாற்றுகள் தங்கச்சிமடத்து மணற்பாங்கான நிலங்களில் வேர்விட வைக்கப்பட்டு மதுரை உள்ளிட்ட பல மாவட்டங்களுக்குச் செல்கின்றன. மதுரையின் மணத்துக்கு வேர் சேதுக்கரையில் இருக்கிறது.

இந்த ஆரவாரத்தில் சிற்பங்கள் மறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மரப்பலகைகளும் தட்டிகளும் தூண்களைச் சூழ்ந்தன. மன்னரின் மார்புவரை துணிகள் அடுக்கப்பட்டன. யாளியின் வாயிலிருந்து பைகள் தொங்கின. மின்கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஓடின. சிற்பம் காண வந்தவர் கடைகளின் இடுக்கில் எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் கடைக்காரர்களோ தங்களைத் தவிர வேறெவரும் அம்மண்டபத்தில் நாள்முழுதும் இருப்பதில்லை என்று எண்ணினர். இரு தரப்பிலும் உண்மை இருந்தது.

தெரிந்து தெளிவோம்

மதுரை மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த மண்டபத் தூண்கள் சிதைந்து குவிந்து கிடந்த நிலையில் 1912இல் அமெரிக்கப் பெண்மணியான அடெலின் பெப்பர் கிப்சன் அவற்றை விலைக்கு வாங்கினார். அவை கப்பலேறி அமெரிக்கா சென்றன. 1919இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டன. இன்று அங்கு ஒரு மண்டபமாக நிறுத்தப்பட்டுள்ளன.

கண்ணாடிக் கூரையின்கீழ்

ஐரோப்பியர் கூரையிட்ட கடைவீதிகளைக் கட்டத் தொடங்கியது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில். அக்காலப் பாரிசு நகரத்துத் தெருக்களில் நடைபாதை இல்லை, சேறு மிகுதி, குதிரைவண்டிகளின் நெரிசல் வேறு. இரு தெருக்களுக்கு இடையே கட்டடங்களின் ஊடாக ஒரு வழியை ஏற்படுத்தி, மேலே கண்ணாடி பதித்து, இருபுறமும் கடைகளை அமைத்தனர். இரும்பும் கண்ணாடியும் தொழிற்சாலைகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. வெளிச்சம் உள்ளே வரவேண்டும், மழை வரக்கூடாது என்னும் தேவையை அவ்விரு பொருள்களும் நிறைவேற்றின. நம் நாட்டில் தேவை வேறு. இங்கு மறைக்கவேண்டியதே வெளிச்சம்தான். ஆகவே அவர்கள் கூரை ஒளியை வடித்துத் தந்தது. நம் கூரை நிழலை வடித்துத் தந்தது.

இலண்டனில் 1819இல் திறக்கப்பட்ட பர்லிங்டன் கடைவீதியில் சீருடை அணிந்த காவலர் உண்டு. அங்கே ஓடக்கூடாது, சீழ்க்கை அடிக்கக்கூடாது, குடை விரிக்கக்கூடாது என்பன அவர்கள் காத்துவந்த விதிகள். புதுமண்டபத்தில் பேரம் பேசிப் பழகிய ஒருவர் அங்கு சென்றால் மூச்சுவிடத் தயங்குவார்.

இத்தாலியின் மிலான் நகரத்துப் பெருங்கடைவீதி இவ்வகைக் கட்டடங்களின் உச்சம். பேராலயச் சதுக்கத்தையும் இசைநாடக அரங்கையும் இணைக்கும் இதற்கு அந்நாட்டின் முதல் மன்னரான இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் பெயர் சூட்டப்பட்டது. சிலுவை வடிவில் நான்கு கிளைகள். அவை கூடும் எண்கோண மையத்தின் மேல் கண்ணாடிக் குவிமாடம். 1865இல் அடிக்கல் நாட்டி, 1867இல் திறந்தனர். கட்டடக்கலைஞர் சூசெப்பே மெங்கோனி 1877 திசம்பரில், முகப்பு வளைவின் பணி முடியும் தறுவாயில், சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார். 1943இல் போர்க்காலக் குண்டுவீச்சில் கூரை சிதைந்தது. நகரத்தார் அதனை மீண்டும் கட்டினர். இன்று அக்கட்டடம் மிலான் மாநகராட்சிக்கு உரியது. கடைகளுக்கு அது வாடகைக்கு விடப்படுகிறது. எத்துணைப் பெரிய நிறுவனமாயினும் அங்கே தன் பெயர்ப்பலகையைக் கருநிறப் பின்னணியில் பொன்னிற எழுத்தில்தான் வைக்கவேண்டும். தன் விருப்பப்படி வண்ணம் தீட்ட உரிமை இல்லை.

பாரிசின் கடைவீதிகளுக்கு வேறு விதி வாய்த்தது. நகரை மாற்றியமைத்தபோது பல இடிக்கப்பட்டன. பெரும் பல்பொருள் அங்காடிகள் தோன்றியபின் எஞ்சியவை பொலிவிழந்தன. செருமானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் பல ஆண்டுகளாக அவற்றைப்பற்றிக் குறிப்புகள் திரட்டினார். பெருநூலாக எழுத எண்ணியிருந்த அவர் 1940இல் அது முடிவதற்குள் மறைந்தார். குறிப்புகள் மட்டும் எஞ்சின. ஒரு கடைவீதி பழையதாகும்போதுதான் அது எதற்காக இருந்தது என்பது நமக்குப் புலப்படத் தொடங்குகிறது என்பதற்கு அக்குறிப்புகள் சான்று.

நெருப்பு

கூரையிட்ட அங்காடிகளுக்கு மழையும் வெயிலும் பகையல்ல. நெருப்பே பகை.

சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்தை அடுத்து 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டை உங்கள் தாத்தா பாட்டி அறிந்திருப்பர். செங்கல் நிறக் கட்டடம், நடுமுற்றம், சுற்றிலும் தாழ்வாரங்கள். பழைய புத்தகம் தேடுவோர்க்கு அது ஒரு பல்கலைக்கழகம். வளர்ப்புப் பறவைகளும் இசைத்தட்டுகளும் பொம்மைகளும் அங்கு கிடைத்தன. 1985 மே மாதத்தில் தீப்பற்றி எரிந்து அழிந்தது. அவ்விடத்தில் தொடர்வண்டித் துறையின் கட்டடம் எழுந்தது. நூறாண்டை எட்டுமுன்னே ஓர் அங்காடி நினைவாகிவிட்டது.

மதுரைக்கு எச்சரிக்கை வந்த நாள் 2018 பிப்ரவரி 2. அன்றிரவு மீனாட்சி திருக்கோயிலின் கிழக்குப் பகுதியிலுள்ள வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பற்றிய தீ பரவியது. மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, தூண்கள் வெடித்தன. கல் எரியுமா என்று அப்போது பலர் வியந்தனர். கல் எரிவதில்லை, ஆனால் வெப்பத்தால் பிளக்கும். கருங்கல் என்பது ஒரே பொருளால் ஆனதன்று. குவார்ட்சு, ஃபெல்சுபார், மைக்கா ஆகிய கனிமங்களின் கலவை அது. சூடேறும்போது அவை வெவ்வேறு அளவில் விரிகின்றன. 573 பாகை செல்சியசு அளவில் குவார்ட்சின் படிக அமைப்பே மாறித் திடீரெனப் பருக்கிறது. அருகருகே உள்ள மணிகள் ஒன்றையொன்று நெருக்க, கல்லின் உள்ளே விரிசல்கள் ஓடுகின்றன. அதன்மேல் நீரைப் பாய்ச்சும்போது மேற்பரப்பு சட்டெனச் சுருங்க, விரிசல் மேலும் ஆழமாகிறது. நெகிழிப் பொருள்களும் துணியும் காகிதமும் அடைந்த ஒரு கடை, பல நூற்றாண்டுப் பளுவைத் தாங்கிய தூணைச் சில மணிநேரத்தில் பயனற்றதாக்க வல்லது.

தெருவுக்கு அப்பால் இருந்த புதுமண்டபத்திலும் துணியும் காகிதமும்தான் நிறைந்திருந்தன.

கடைகள் இடம்பெயர்ந்தன

கோயிலுக்குள் இருந்த கடைகள் முதலில் அகற்றப்பட்டன. புதுமண்டபத்துக் கடைகளைப்பற்றிய பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வாடகை கொடுத்துப் பல தலைமுறையாகத் தொழில் செய்தோர் எங்கே செல்வது என்னும் வினாவுக்கு விடை கிடைக்காமல் ஆண்டுகள் கழிந்தன. வழக்குகளும் நடந்தன. பின்னர், கோயிலுக்கு அருகில் பழைய குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி புதிய வணிக வளாகம் ஒன்றைக் கட்டியது. புதுமண்டபத்து வணிகர்கள் அங்கு சென்றனர். சத்திரம் என்று ஐரோப்பியர் தவறாகப் பெயரிட்ட மண்டபத்துக் கடைகள் உண்மையாகவே சத்திரம் என்னும் பெயருடைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது வரலாற்றின் குறும்பு.

கல்லைக் காப்பதற்கு இம்மாற்றம் தேவையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. தீயின் முன் தூணும் சிற்பமும் ஒருமுறை அழிந்தால் மீளா. ஆனால் வணிகமும் அப்படித்தான் என்பதை எண்ணிப்பார்ப்போர் குறைவு. ஒரு தையற்கலைஞரின் வாடிக்கையாளர் அவர் பெயரை அறிந்து வருவதில்லை. மன்னர் சிலைக்குப் பக்கத்துக் கடை, குதிரைக்காரத் தூணுக்கு அடுத்த கடை என்று இடத்தை அறிந்து வருவர். தூண்தான் பெயர்ப்பலகை. அடுக்குமாடி வளாகத்தில் எண் இடப்பட்ட ஓர் அறைக்குப் போனபின் அவ்வறிமுகத்தைப் புதிதாகத் தேடவேண்டும். முதியவர் மாடிப்படி ஏறவேண்டும். சிற்பத்தின் பழைமையை அளக்கக் கல்வெட்டும் கலைமரபும் உண்டு. தைக்கும் கையின் பழைமையை அளக்க நம்மிடம் கருவி இல்லை. தொல்லியல் அறிஞர்கள் மண்டபத்துக்கு ஆவணம் எழுதுகின்றனர். சல்லடத்துக்குத் துணி வெட்டும் அளவை ஆவணமாக எழுதியவர் யாவர்?

வெறுமையான மண்டபம் பாதுகாப்பான மண்டபம் என்பதும் முழு உண்மையன்று. மதனகோபாலசுவாமி கோயில் தூண்கள் மக்கள் நடமாட்டம் அற்றுக் குவிந்து கிடந்ததனால்தான் கடல் கடந்தன. மக்கள் வந்துபோகும் கட்டடத்தில் ஒரு கல் பெயர்ந்தால் மாலைக்குள் ஊர் அறியும். பூட்டிய மண்டபத்தில் அது பெயர்ந்த செய்தி பூட்டைத் திறப்பவருக்கே தெரியும். மிலான் நகரத்தார் கடைகளை வெளியேற்றாமல் பெயர்ப்பலகையின் நிறம்வரை கட்டுப்படுத்தியது ஒரு வழி. அங்கு கட்டப்பட்டபோதே கடைகளுக்காகக் கட்டினர் என்பதையும் நாம் கருதவேண்டும்; புதுமண்டபத்தின் சிற்பத்தூண்கள் அத்தகைய பயனுக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஆகவே மிலானின் விதியை அப்படியே மதுரைக்குப் பெயர்த்து வைக்க இயலாது. தீப்பற்றும் பொருள் இல்லாத, தூணில் பலகை சாராத, விழாக்காலத்தில் விலகிக்கொள்ளும் சிறுகடைகள் சில நடுநடையில் இருக்கலாமா என்பது விவாதத்துக்குரியது. இருக்கக்கூடாது என்போரின் கூற்றும் வலிமையானதே.

பலகைகள் அகன்றபின் தூண்கள் அடிவரை வெளிப்பட்டன. மதுரையிலேயே பிறந்து வளர்ந்து, ஆண்டுதோறும் அங்கு பள்ளிப் புத்தகம் வாங்கியோர் திருமலை நாயக்கரின் பாதங்களை முதன்முறையாகக் கண்டனர். வைகாசி வசந்த விழாவின்போது அம்மையும் அப்பனும் அமரும் அந்த மேற்குமேடைக்கு முன்னே நீண்ட நடுநடை ஓவியர் டேனியல் வரைந்ததுபோல் மீண்டும் திறந்து கிடக்கிறது. சற்றுத் தொலைவில், குன்னத்தூர் சத்திரத்து மாடியில், சித்திரை பிறக்குமுன் தையல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிடும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள மண்டபம், சத்திரம், சாவடி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கட்டப்பட்ட நோக்கத்தையும் இன்று பயன்படும் முறையையும் ஊர்ப்பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. 'புதுமண்டபத்தில் கடைகள் இருந்திருக்கவேண்டும்', 'கடைகள் அகற்றப்பட்டதே சரி' ஆகிய தலைப்புகளில் வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக. சொற்போருக்குப்பின் அணிகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒருமுறை வாதிடுக.

3. ஒரு தையற்கலைஞரையோ பாத்திரக் கடைக்காரரையோ நேரில் கண்டு, அவர் தொழிலில் வழங்கும் கலைச்சொற்கள் இருபதைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.